வழியனுப்பப்பட்டவர்

ஜூன் இரண்டாம் ஞாயிறு காலை பத்து நாற்பதுக்குச் சுந்தர்ராஜை வழியனுப்பினார்கள். விசா வரவில்லை.

புதன்கிழமை வந்துவிடும் என்று ஆண்ட்ரூ சொன்னான். அவன் சித்தூர் சபையின் வெளிதேசக் கல்வி ஊழியக் கமிட்டிச் செயலாளர். சுந்தர்ராஜின் மருமகனும்கூட. தேதியை மாற்ற முடியாது. பந்தல் போட்டாகிவிட்டது. சபையார் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு ஆடும் வெட்டியாகிவிட்டது.

சுந்தர்ராஜுக்கு ஐம்பத்தொன்பது வயது. சபையின் தமிழ்வழிப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் கணக்கு எடுத்தவர். கடைசி வருடம் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு பேர் தெலுங்கு வழிக்கும் இரண்டு பேர் ஆங்கில வழிக்கும் போனார்கள். பள்ளி மூடப்பட்டது. மனைவி லோயிஸ் அதற்கு முந்தைய வருடம் இறந்திருந்தாள். ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில், ஏழைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கமிட்டி கேட்டபோது அவர் கை தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று கமிட்டி எழுதிக்கொண்டது.

அவர் கேட்டது ஒன்றுதான். மகள் தபிதாவுக்கு அப்போது வயிற்றில் மூன்றாம் மாதம். இந்தச் சபையில் தலைப்பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிவரை தூக்கிக்கொண்டு போகிறவர் தாயின் தகப்பன். பிள்ளையின் பெயர் என்ன என்று குருவானவர் கேட்கும்போது சொல்கிறவரும் அவரே. தபிதாவின் பிள்ளையை நான்தான் தூக்கவேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் லீவு வேண்டும் என்றார். கமிட்டித் தலைவர் இஸ்ரேல் சிரித்து, இதெல்லாம் ஒரு கண்டிஷனா வாத்தியாரே என்றார். கண்டிஷன் இல்லை என்பதால் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை.

இஸ்ரேல் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதைக் கண்காணித்தார் என்று யாரும் கேட்டதில்லை. அன்று அவர் நாற்பது நிமிடம் பேசினார்.

"நூத்தம்பது வருஷமா நம்மள தேடி வெள்ளக்காரங்க வந்துக்கினே இருந்தாங்க. பள்ளிக்கூடம் கட்னாங்க. ஆஸ்பத்திரி கட்னாங்க. வாங்கிக்கினே இருக்கிற சபை எப்பய்யா பெரிய சபை ஆவறது? இன்னிக்கு நாம ஏழைங்கள தேடிப் போறோம். அதுவும் ப்ளேன்ல."

கூட்டத்தில் குடிபாலாவுக்கு அப்பாலிருந்து செங்கம்மா வந்திருந்தார். வேலூர் எல்லையை ஒட்டி ஒரு தமிழ்வழிப் பள்ளியின் தலைமையாசிரியை. இரண்டு வருடமாக அங்கே கணக்கு வாத்தியார் இல்லை. போகிற வாத்தியாரை எங்களுக்குத் தரக்கூடாதா என்று இஸ்ரேலிடம் கேட்டார். அது பஸ் போகிற இடம் என்றார் இஸ்ரேல். பஸ் போகிற இடம் ஊழியத்தில் சேராது.

சுந்தர்ராஜுக்கு இரண்டு சால்வை, ஒரு டார்ச், ஒரு கொசுவலை, ஒரு உலக உருண்டை கொடுத்தார்கள். கப்பலில் போகிறவர்களுக்கான பழைய பாட்டைப் பாடினார்கள். விமானத்துக்கு இன்னும் பாட்டு இல்லை. பெண்கள் அழுதார்கள். அவரும் அழுதார். வேன் பைபாஸ்வரை போயிற்று. அங்கே மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஆண்ட்ரூ அவரைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றினான்.

திருப்பதியைத் தேர்ந்தெடுத்தவர் இஸ்ரேல். நாளுக்கு லட்சம் பேர் வந்து போகிற ஊர், யார் யாரைப் பார்க்கப்போகிறார்கள், நம் சபையாரும் யாத்திரைக்காரர்கள் தங்குகிற பக்கம் போவதில்லை என்றார். மூன்று நாள்தானே.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் லட்சுமம்மா என்பவளின் லாட்ஜில் மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த லாட்ஜின் ஜன்னல். புதன்கிழமை விசா வரவில்லை. மலாவியிலிருந்து கமிட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். தங்களிடம் கணக்கு ஆசிரியர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், நன்றாகச் சொல்லித்தருகிறார்கள், ஆசிரியர் வேண்டும் என்று தாங்கள் கேட்கவில்லை. மழையில் ஒரு கட்டடத்தின் கூரை போய்விட்டது, அதற்கு ஏதாவது முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ஆசிரியருக்கு அங்கே வேலை இல்லையென்றால் அவருக்காக எங்கள் சபை ஜெபிக்கும்.

கமிட்டி இதை இரண்டு மணி நேரம் பரிசீலித்தது. வேண்டாம் என்று சொல்வது தேவையுள்ளவனின் தன்மானத்தைக் காட்டுகிறது, ஆகவே தேவை உறுதியாகிறது என்று தீர்மானம் எழுதியது. கூரை கல்வியில் சேராது என்று ஒரு குறிப்பும் எழுதியது.

சுந்தர்ராஜ் ஆண்ட்ரூவுக்குப் போன் செய்து வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

"எந்த வீட்டுக்கு மாமா?" என்றான் ஆண்ட்ரூ.

வீட்டுச் சாவியை அவர் கமிட்டியிடம் கொடுத்திருந்தார். திங்கட்கிழமையே அங்கே கமிட்டி அலுவலகத்தின் பலகை ஏறிவிட்டது. தபிதாவின் வீட்டுக்கு நான் வரட்டுமா என்று கேட்டார். தலைவரைக் கேட்டுச் சொல்வதாக ஆண்ட்ரூ போனை வைத்தான்.

தலைவரே நேரில் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அறையில் ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்து பழைய தீர்மானப் புத்தகம் ஒன்றைத் திறந்து காட்டினார். சபையின் வரலாற்றில் இரண்டே தலைப்புகள் இருந்தன. வழியனுப்புதல், வரவேற்பு. வெள்ளைக்கார மிஷனரிகள் வந்தபோதும் போனபோதும் எழுதியவை.

"போவாததுன்னு ஒரு தலைப்பு இல்ல வாத்தியாரே. எங்க எழுதறது? வழியனுப்பினா வரவேற்புதான். வரவேற்புக்கு ஊழிய காலம் மூணு வருஷம் ஆவணும். அதுக்கு நடுவுல நீங்க மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்கிக்கினு நின்னா சபை என்னா ஆவறது? அழுதவங்க என்னா ஆவாங்க?"

சுந்தர்ராஜ் முப்பத்தோரு வருடம் பிள்ளைகளிடம் ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போகாதே என்று சொன்னவர். தீர்மானப் புத்தகத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தார். தலைவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஞானஸ்நானத்துக்கு மட்டும் வந்துவிடுவேன் என்றார். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்றார் இஸ்ரேல்.

அந்த லாட்ஜில் யாரும் ஒரு நாளுக்கு மேல் தங்குவதில்லை. காலையில் வருவார்கள். மலைக்குப் போவார்கள். தலை மழித்து, சந்தனம் பூசி, தூக்கம் நிறைந்த கண்களோடு திரும்புவார்கள். பெட்டியைக் கட்டுவார்கள். அவர் படிக்கட்டில் எத்தனையோ பேருக்கு வழி விட்டார். இரண்டாம் முறை பார்த்த முகம் லட்சுமம்மாவினுடையது மட்டும்தான்.

"ஏமய்யா, இன்னும் மலைக்குப் போலியா?" என்று தினமும் கேட்பாள். தான் வேறு ஊருக்குப் போகிறவன் என்பார். அவளுக்குப் புரியவில்லை. வேறு ஊருக்குப் போகிறவன் இங்கே எதற்குக் குந்திக்கினு இருக்கிறான் என்று தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்துக் கேட்டாள்.

பக்கத்து அறைக்காரர்கள் புறப்படும்போது அவருக்கு லட்டு கொடுப்பார்கள். அவர் சபையில் அதைச் சாப்பிடும் வழக்கம் இல்லை. வாங்கி லட்சுமம்மாவிடம் கொடுத்துவிடுவார். பதினான்காம் வாரம், நெல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கதவைத் தட்டி, பெயர் கேட்டு, ஊர் கேட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டு ஒரு லட்டைக் கையில் வைத்தார். அன்று சுந்தர்ராஜ் அதைச் சாப்பிட்டார். யாரோ அவர் பெயரைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

மாதம் ஒரு ஊழிய அறிக்கை எழுதவேண்டும் என்பது விதி. அவர் பொய் எழுதவில்லை. பார்த்ததை எழுதினார்.

"இங்கே தண்ணீர் காலை ஆறிலிருந்து ஏழுவரை வருகிறது. வெயில் அதிகம். குரங்குகள் துணியை எடுத்துப் போகின்றன. ஜனங்கள் வெகு தூரத்திலிருந்து வருகிறார்கள். பலர் செருப்பில்லாமல் மலையேறுகிறார்கள். பெரியவர்களும் சிறியவர்களும் தலையை மழித்துக்கொள்கிறார்கள். என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். தங்களிடம் இருப்பதில் எனக்கும் கொடுக்கிறார்கள். என்னால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை."

சபைப் பத்திரிகை இதை முதல் பக்கத்தில் போட்டது. கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். சித்தூரிலிருந்து திருப்பதி இரண்டு மணி நேரம். சபையில் பாதிப்பேர் வாரம் ஒருமுறையாவது வேலையாகத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள். ஒருவருக்கும் அந்த ஊர் எந்த ஊர் என்று தோன்றவில்லை. ஞாயிறு ஆராதனையில் அந்தத் தூரதேசத்து ஜனங்களுக்காகவும் அவர்களுடைய குரங்குகளிலிருந்து ஊழியரைக் காக்கும்படியும் ஜெபித்தார்கள்.

மாதர் சங்கம் மொட்டைத்தலைப் பிள்ளைகளுக்காக இருநூறு கம்பளிக் குல்லாய் பின்னியது. நவம்பரில் இரண்டு மூட்டைகள் பஸ் பார்சலில் வந்தன. மேலே மாதர் சங்கம் மலாவி என்று எழுதி, கீழே ஆண்ட்ரூ லட்சுமம்மா லாட்ஜ் என்று எழுதியிருந்தான். சுந்தர்ராஜ் அவற்றைக் காலையில் படிக்கட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிசம்பர்க் குளிரில் மலையிலிருந்து இறங்கி வந்த மொட்டைத்தலைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அளவு சரியாக இருந்தது. கமிட்டி செய்த வேலைகளில் நடந்து முடிந்தது அது ஒன்றுதான். அது எந்த அறிக்கையிலும் இல்லை.

குல்லாய் வருவதற்கு முன்பு, அக்டோபரில், ஊழிய தினம் வந்தது. வகுப்பு நடத்துவதை வீடியோ எடுக்க ஆண்ட்ரூ வந்தான். சுவரில் ஆப்பிரிக்கா படத்தை ஒட்டினான். கரும்பலகை வைத்தான். பிள்ளைகள் எங்கே என்று சுந்தர்ராஜ் கேட்டார்.

"பிள்ளைங்க கேமராவுக்கு இந்தப் பக்கம் இருக்காங்க மாமா" என்றான் ஆண்ட்ரூ.

கேமராவுக்கு அந்தப் பக்கம் கொடியில் அவருடைய வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. சுந்தர்ராஜ் பின்னம் எடுத்தார். அரை, கால் இரண்டில் எது பெரியது என்று கேட்டார். பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்டால் மனதுக்குள் பத்துவரை எண்ணுவது அவர் வழக்கம். மந்தமான பிள்ளைக்கும் பத்துக்குள் ஏதாவது தோன்றிவிடும். எண்ணினார். பிறகு, சரியாச் சொன்னே, உக்காரு என்றார். நாற்பது நிமிடம் அப்படியே நடத்தினார். நன்றாக நடத்தினார். கடைசியில் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டபோது, பல மாதத்துக்குப் பிறகு பசித்தது.

வீடியோவைத் திரையில் போட்டார்கள். சபையார் கைதட்டினார்கள். அவர் எண்ணிக்கொண்டு நின்ற இடங்களை ஆண்ட்ரூ வெட்டியிருந்தான்.

செங்கம்மா டீச்சர் மறுபடியும் வந்ததாகத் தபிதா போனில் சொன்னாள். இன்னும் வாத்தியார் வரவில்லையாம். அவரை உட்காரவைத்து வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். நன்றாகச் சொல்லித்தருகிறார் என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாராம்.

தபிதாவுக்கு எல்லாம் தெரியும். வாரம் ஒருமுறை பேசுவாள். ஆண்ட்ரூ பக்கத்தில் இருந்தால், அங்கே வெயில் எப்படி என்று கேட்பாள். இல்லாவிட்டால், "சோறு துன்னியா நைனா" என்பாள். இரண்டுக்கும் அவர் ஆமாம் என்பார். ஒருநாள் அவர் வந்துவிடட்டுமா என்று கேட்டார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவருக்கு இந்த வருஷம் உபதலைவர் போஸ்ட் வருது நைனா. இப்ப நீ வந்து நின்னா அவர்தான் மாட்டிக்குவாரு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

டிசம்பர் இருபதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. போட்டோ வந்தது. லோயிஸின் நெற்றி. அவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் நெற்றியும் இல்லாமல் வெறும் நிறமாகத் தெரியும்வரை பார்த்தார். லட்சுமம்மாவிடம் காட்டினார். அவள் ஒரு டம்ளரில் சர்க்கரை கொண்டுவந்து அவர் வாயில் போட்டாள். பேத்தியைப் பார்க்கப் போகலையா என்று கேட்டாள். பிப்ரவரி முதல் ஞாயிறு என்றார். பெயர் லோயிஸ். நான்தான் சொல்லவேண்டும் என்றார்.

ஜனவரி கடைசியில் தீர்மானத்தின் நகல் வந்தது. வெளிதேசத்தில் ஊழியம் செய்யும் தகப்பனுக்குப் பதிலாக, சபையின் தகப்பன் என்ற முறையில் கமிட்டித் தலைவர் குழந்தையைத் தூக்குவார். ஊழியர் வீடியோ அழைப்பில் திரையில் தோன்றி ஆசி கூறுவார். மலாவி மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், ஆராதனை தொடங்கும் பத்து மணிக்கு அங்கே காலை ஆறரை. ஆகவே ஊழியர் குளிக்காமலும் சவரம் செய்யாமலும் இருக்கவேண்டும். விளக்கு மங்கலாக இருக்கவேண்டும்.

அவர் இஸ்ரேலுக்குப் போன் செய்தார். முன்பே கேட்டது இது ஒன்றுதானே என்றார்.

"வாத்தியாரே, உங்க பேத்திய உங்களுக்காக நான் தூக்கறேன். உங்களுக்காக சபையே அழுவுது. உங்களுக்காக மாதர் சங்கம் குல்லா பின்னுது. எல்லாத்தையும் நாங்களே செய்யறோம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அங்க இருக்கறது. அதுகூட முடியலன்னா எப்படி?"

அந்த ஞாயிறு விடியற்காலையில் சுந்தர்ராஜ் குளித்தார். சவரம் செய்தார். வெள்ளைச் சட்டை போட்டார். சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சந்திரகிரி தாண்டியதும் பிள்ளையைத் தூக்குவதற்காக இடதுகையை மடித்து வைத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் கை வலிக்கிறதா என்று கேட்டார். பூதலப்பட்டில் பஸ் அரைமணி நின்றது. டிரைவர் டீ குடித்தார்.

சபைக் கோவிலுக்குள் அவர் நுழைந்தபோது பத்தே முக்கால். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இணைக்கப்படுகிறது என்று திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆண்ட்ரூ போனை உயர்த்திப் பிடித்து நெட்வொர்க் தேடிக்கொண்டிருந்தான். சுந்தர்ராஜின் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் நடுவழியில் நடந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் இஸ்ரேல் நின்றிருந்தார். இடது கையில் குழந்தை. வலது கையில் மைக்.

சுந்தர்ராஜ் அவர் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டினார்.

முதலில் பார்த்தது தபிதா. பிறகு குருவானவர். பிறகு மெல்ல மெல்ல எல்லா வரிசைகளும் திரையிலிருந்து கண்ணை எடுத்தன. இஸ்ரேலுக்கு நான்கு நொடி ஆயிற்று. ஐந்தாம் நொடியில் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"சபையாரே, உங்களுக்குச் சொல்லாம வச்சிருந்தேன். ஏழு கடல் தாண்டி, பேத்திய பாக்க, நம்ம ஊழியர் நேத்து ராத்திரி ப்ளேன்ல வந்து இறங்கிட்டாரு."

பெண்கள் அழுதார்கள். சுந்தர்ராஜின் கைகள் நீட்டியபடியே இருந்தன. கமிட்டி பீரோவில் எப்போதும் சால்வை இருக்கும். ஆண்ட்ரூ ஓடிப்போய் ஒன்று கொண்டுவந்து அந்தக் கைகளின் மேல் போர்த்தினான். பொருளாளர் ஒன்று போட்டார். மாதர் சங்கம் ஒன்று போட்டது. இஸ்ரேல் பேசிக்கொண்டிருந்தார். வாலிபர் சங்கம் போட்டபோது கைகள் தெரியவில்லை. அசனத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. குருவானவர் கடியாரத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். சுந்தர்ராஜ் வாயைத் திறந்தார். மைக் இஸ்ரேலிடம் இருந்தது.

"லோயிஸ்" என்று கோவில் முழுவதும் கேட்டது.

பெயர் சரியாகவே இருந்தது. தண்ணீர் பட்டதும் குழந்தை அழுதது. இஸ்ரேல் அதைத் தபிதாவிடம் கொடுத்துவிட்டு, ஊழியர் சாட்சி சொல்வார் என்று மைக்கை நீட்டினார். சுந்தர்ராஜ் சால்வைகளைக் கீழே வைத்துவிட்டு வாங்கினார்.

"நான் மலாவிக்குப் போவல. எட்டு மாசமா திருப்பதியில ரயில்வே ஸ்டேஷன் பின்னால இருந்தேன். அங்க என்னை யாரும் கூப்பிடல. நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லித்தரல."

இஸ்ரேல் மைக்கை மெதுவாகத் திரும்ப வாங்கினார்.

"பாத்தீங்களா? அவ்ளோ கஷ்டப்பட்டும் நான் ஒண்ணுமே செய்யலங்கறாரு. இதுக்குப் பேருதான் தாழ்மை."

ஸ்தோத்திரம் என்றது சபை.

அசனத்தில் அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். நன்றாகக் கறுத்துவிட்டார் என்றார்கள். சிங்கம் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். குரங்குதான் பார்த்தேன் என்றார். அங்கேயும் ஒரு திருப்பதி இருக்கிறதா என்று ஒரு பெரியவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். சுந்தர்ராஜ் ஆண்ட்ரூவைக் கூப்பிட்டு, நாளைக்கே செங்கம்மா டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னார். மூன்று வருடம் முடியட்டும் மாமா என்றான் ஆண்ட்ரூ. இஸ்ரேல் இரண்டு பந்திகளுக்கு நடுவில் கமிட்டியைக் கூட்டினார். கையால் எழுதிய ஒரு தாளைச் சுந்தர்ராஜின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பதினைந்து நாள் லீவு வழங்கப்பட்டிருந்தது. இரண்டாம் வழியனுப்புதலுக்குப் பந்தல் சொல்லியாயிற்று.

தபிதா குழந்தையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதை அவர் மடியில் வைத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. நெற்றி லோயிஸின் நெற்றிதான். அவர் குனிந்து, யாருக்கும் கேட்காமல், பெயரைச் சொன்னார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மாதர் சங்கத்துப் பெண்கள் சுற்றிக் கூடினார்கள். ஆண்ட்ரூ அவர்களுக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு நின்றான். தபிதா பெண்களைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் இலையில் சோற்றை வைத்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"எப்ப நைனா திரும்பிப் போறே?"